ஒரு படி ஏற எத்தனை வழி? கடைத்தெருச் சிறு கடைகளுக்கான சாய்தள ஒப்பீடு

கடைத்தெருவில் கடை வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "வீல்சேர்ல வர்றவங்களுக்கு ஏதாவது செய்யணும்னு இருக்கோம். சிமெண்ட்ல ரேம்ப் போட்டுடலாமா, இல்ல எடுத்து வைக்கிற மாதிரி வாங்கிக்கலாமா?" சிலர் கூடவே இன்னொன்றும் கேட்பார்கள்: "மாசத்துக்கு ஒருத்தர்கூட வர்றதில்லையே, இதுக்குப் போய் செலவு பண்ணணுமா?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நானே வீல்சேரில் இருப்பவன். படி இருக்கிற கடைக்கு நாங்கள் வருவதில்லை. வாசலைப் பார்த்ததுமே தாண்டிப் போய்விடுகிறோம். அதனால் எங்கள் வீட்டில் மற்றவர்கள் வாங்குவதும் படி இல்லாத கடைக்கே போய்விடுகிறது. முழங்கால் வலியோடு படியைப் பார்த்து யோசிக்கும் பாட்டி, தள்ளுவண்டியில் குழந்தையோடு வருகிறவர், மூட்டை இறக்க வரும் ஆள் எல்லோருக்கும் அதே சரிவு உதவும். வரவு செலவு பார்க்கிறவர் இவர்களையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பொதுமக்கள் வந்துபோகும் தனியார் வணிகக் கட்டடத்தையும் 'பொதுக் கட்டடம்' என்றே சொல்கிறது. ஏற்கெனவே இருக்கும் கட்டடங்களை மாற்றியமைக்க, விதிகள் வந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு கொடுத்தது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022 ஜூனோடு முடிந்துவிட்டது. மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த முறை 50,000 முதல் 5 லட்சம் வரை. அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த விதியை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் செல்லாது என்றது. கட்டாயமான தரங்களை வகுக்கும்படி ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. நாளைக்கே அதிகாரி வந்து நிற்பார் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கடையைப் புதுப்பிக்கும் எண்ணம் இருந்தால், அந்தச் செலவோடு இதையும் சேர்த்துச் செய்துவிடுவது லாபம்.

## முடிவு எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

மதுரை விளக்குத்தூண் பக்கமோ, திருச்சி பெரிய கடைவீதியோ, கோவை ஒப்பணக்கார வீதியோ, பழைய கடைத்தெருக்களில் வாசல் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். சாலை, அதை ஒட்டிச் சாக்கடை, சாக்கடைமேல் ஸ்லாப், அப்புறம் ஒன்றோ இரண்டோ படி, படிக்கு மேல் ஷட்டர். கடைக்காரருக்குச் சொந்தமான இடம் ஷட்டருக்கு வெளியே ஓர் அடிகூட இருக்காது. வெளிநாட்டுப் படங்களைக் காட்டி "இந்த மாதிரி போடுங்க" என்று கொத்தனாரிடம் சொல்வது அதனால்தான் எடுபடுவதில்லை.

முதலில் டேப்பை எடுத்து உயரத்தை அளக்க வேண்டும். சக்கரம் எங்கே நிற்குமோ அந்த இடத்திலிருந்து கடைக்குள் இருக்கும் தரை வரை அளக்க வேண்டும். படியின் உயரத்தை மட்டும் அளந்தால் போதாது. ஷட்டர் உட்காரும் இடத்தில் ஓர் அங்குல மேடு இருந்தால் அதுவும் கணக்கில் சேரும். வழிகாட்டி நெறிமுறைகள் சொல்லும் சரிவு 1:12. கொத்தனார் பாஷையில் இது ரொம்பச் சுலபம்: ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். ஆறு அங்குலப் படிக்கு ஆறடிச் சாய்தளம். மூன்று படி ஏறி 18 அங்குலம் என்றால் 18 அடி. இந்த ஒரு கணக்கைப் போட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சரிவு 1:8 ஆனால் பின்னால் ஒருவர் தள்ள வேண்டும்; கையில் நல்ல வலு இருப்பவர் மட்டும் தனியாக ஏறலாம். 1:6இல் நாற்காலி பின்பக்கமாகக் கவிழும் பயம் வந்துவிடும். நம் ஊர்க் கடை வாசல்களில் ஏற்கெனவே இருக்கும் ரேம்ப்கள் பெரும்பாலும் இதைவிடச் செங்குத்தானவை. காரணம், அவை ராத்திரி பைக்கை உள்ளே ஏற்றுவதற்காகப் போட்டவை. "எங்க கடைல ரேம்ப் இருக்கே" என்பவர் இதை ஒருமுறை அளந்து பார்த்துவிடுவது நல்லது. அப்படிப்பட்ட ரேம்ப் படியைவிட மோசம். படி என்றால் ஏற முடியாது என்று தெரிந்துவிடும். இந்த ரேம்ப்பில் பாதி ஏறிய பிறகுதான் தெரியும்.

அடுத்தது, இடம் யாருடையது என்பது. ஸ்லாப்பும் நடைபாதையும் மாநகராட்சியுடையவை. வாடகைக் கடை என்றால் உள்தரையும் ஓனருடையது. நாளைக்குக் காலி செய்தால் போட்ட பணம் எங்கே போகும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

பிறகு மழை. நம் கடைகளின் தரை உயர்ந்திருப்பதற்குக் காரணமே மழைத் தண்ணீர்தான். சுரண்டாமல் சாலைமேல் சாலை போட்டுப் போட்டு, தண்ணீர் உள்ளே வந்து, அதற்குப் பயந்து ஒவ்வொருவராகத் தரையை உயர்த்திக்கொண்டார்கள். படியை எடுக்கும் எந்த வழியும் அந்தத் தண்ணீருக்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக நினைப்பது ஒன்று உண்டு. வருகிறவர் யாரையும் கேட்காமல், யாருக்காகவும் காத்திருக்காமல் உள்ளே போக முடியுமா? முடியாது என்றால் எத்தனை நிமிடம் வெளியே வெயிலில் காத்திருக்க வேண்டும்? நான் ஒரு வழியை இன்னொன்றுக்கு மேலே வைப்பது பெரும்பாலும் இதை வைத்துத்தான்.

## வழி 1: வாசலில் நிரந்தர சிமெண்ட் சாய்தளம்

தனியாக வருகிறவருக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. மணி அடிக்க வேண்டாம், கடைப் பையனைத் தேட வேண்டாம். பொருள் செலவும் குறைவு. ஆறு அங்குல உயரம், ஆறடி நீளம், நான்கடி அகலம் என்றால் மொத்தக் கான்கிரீட்டே ஆறு கன அடிதான். ஓரிரண்டு மூட்டை சிமெண்ட், ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், ஒரு நாள் வேலை.

மறைந்திருக்கும் செலவு சிமெண்ட்டில் இல்லை, இடத்தில் இருக்கிறது. ஸ்லாப்மேல் போட்ட சாய்தளம் ஆக்கிரமிப்புக் கணக்கில் வரும். அகற்றும் பணி வந்தால் ஜேசிபி முதலில் தூக்குவது அதைத்தான்; நல்ல காரியத்துக்குப் போட்டது என்று சொல்லிப் பயனில்லை. நியாயமும் அவர்கள் பக்கம் ஓரளவு இருக்கிறது. நடைபாதையில் நடப்பதற்கு 1.8 மீட்டராவது விட வேண்டும் என்பது, சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பின் தரம். உங்கள் கடைக்கு ஏறும் ஆறடிச் சரிவு, அடுத்த தெருவுக்குப் போகிற இன்னொரு வீல்சேர்காரரின் வழியை மறித்தால் அதை எப்படி உதவி என்று சொல்வது? போதாததற்கு, சாக்கடை தூர்வார ஸ்லாப்பைத் தூக்க வேண்டியிருக்கும். அப்போது உங்கள் ரேம்ப் இரண்டாக உடையும்.

சாலை போடும்போது இன்னொரு தொல்லை. பழைய சாலையைச் சுரண்டிவிட்டுப் போட்டால் உங்கள் சாய்தளத்தின் கீழ்முனை ஓர் அங்குலம் தூக்கி நிற்கும். நடந்து வருகிறவர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார். வீல்சேரின் சின்ன முன்சக்கரம் அந்த ஓர் அங்குலத்தில் முட்டி நிற்கும், ஆள் முன்னால் சாய்வார். ஒவ்வொரு முறை சாலை போட்ட பிறகும் கீழ்முனையில் ஒரு சட்டி கலவை பூச வேண்டியிருக்கும். அதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு.

போடும்போதே கவனிக்க வேண்டியவை சில. மிச்சம் இருக்கிற கிரானைட்டையோ பளபளப்பான டைல்ஸையோ சரிவில் ஒட்டிவிடாதீர்கள். ஒரு தூறல் போதும், வழுக்கிவிடும். சிமெண்ட் காய்வதற்குள் துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்தால் அதுவே பிடிப்புத் தரும். சக்கரம் சறுக்கிக் கீழே போகாமல் இரண்டு ஓரத்திலும் இரண்டு அங்குலத் திட்டு வையுங்கள். சரிவின் மேல்முனையில், கதவுக்கு முன்னால் நான்கைந்து அடி சமதளம் வேண்டும். ஏசி போட்ட கடைகளில் இதை மறந்துவிடுகிறார்கள். கண்ணாடிக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். சரிவில் நின்றபடி ஒரு கையால் கதவை இழுத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க யாராலும் ஆகாது.

அப்புறம், சரிவு காலியாக இருக்கிறதே என்று பைக் நிறுத்துவார்கள். நீங்களே அட்டைப் பெட்டியை இறக்கி வைப்பீர்கள். மேளா பேனர் ஸ்டாண்டும் அங்கேதான் வரும்.

இது பொருந்துவது யாருக்கு? ஷட்டருக்கு வெளியே சொந்த இடம் ஆறடியாவது (வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு இருந்தால் சமதளத்துக்கு இன்னும் நான்கைந்து அடி) விட்டுக் கட்டிய கடை, சொந்தக் கட்டடம், ஒரே ஒரு படி. இந்த மூன்றும் அமைந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

## வழி 2: எடுத்து வைக்கும் சாய்தளம்

இடம் சொந்தமில்லாதவர்களுக்கும் வாடகைக் கடைக்காரர்களுக்கும் இது. தேவைப்படும்போது வைத்து, ஆள் ஏறியதும் எடுத்துவிடலாம். ஆக்கிரமிப்புப் பிரச்சினை இல்லை, கடை மாறினால் கூடவே எடுத்துப் போகலாம். வாசல்படியை உடைக்கத் தயங்குகிற முதலாளிகளும் உண்டு. வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமம் வைக்கிற படியில் உளி வைப்பதா என்பார்கள். அந்தத் தயக்கத்தோடு நான் சண்டை போடுவதில்லை. இந்தச் சாய்தளம் படியைத் தொடாமல் அதன்மேல் பாலம் போல உட்கார்ந்துகொள்ளும்.

எந்தப் பொருளில் செய்வது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பக்கத்து வெல்டிங் பட்டறையில் செக்கர் பிளேட் என்கிற இரும்புத் தகட்டில் செய்துவிடலாம் என்பதுதான் முதலில் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நான்கடி நீளம், மூன்றடி அகலம், ஐந்து மில்லிமீட்டர் தகடு என்றால் சுமார் 46 கிலோ. அதற்கு மேல் ஆங்கிள், பட்டை. மதிய நேரத்தில் கடையில் தனியாக இருக்கும் அம்மா இதைத் தூக்கி வைப்பாரா? ஒரு மாதம் ஆர்வமாக வைப்பார்கள், பிறகு அது மூலையில் சாய்ந்து நிற்கும், அதன்மேல் துணி காயும். ராத்திரி வெளியே விட்டால் காலையில் பழைய இரும்புக் கடையில் தேட வேண்டியதுதான்.

அலுமினியம் எடையில் இரும்பில் மூன்றில் ஒரு பங்கு. மடிக்கிற மாதிரியும் கிடைக்கிறது, விலை கூடுதல். ஆனால் தினமும் உண்மையில் பயன்படப்போவது அதுதான் என்பதால் நான் அதையே சொல்வேன். இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனியாக வைக்கும் ஒடுக்கமான தண்டவாள வகையை வாங்காதீர்கள். முன்னால் ஒற்றைச் சக்கரம் உள்ள மோட்டார் வண்டியால் அதில் ஏறவே முடியாது. சாதாரண நாற்காலிக்கும் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே கோட்டில் ஓடாது.

பிளைவுட்டும் மோசமில்லை. டொராண்டோவில் லூக் ஆண்டர்சன் என்ற, வீல்சேரில் இருக்கும் பொறியாளர் 2011இல் தொடங்கிய ஸ்டாப்கேப் என்ற அமைப்பு, ஒற்றைப்படி உள்ள கடைகளுக்குக் கண்ணைப் பறிக்கும் வண்ணம் பூசிய பிளைவுட் சாய்தளங்களைச் செய்து கொடுத்துவருகிறது. தெருவில் போகிற எல்லோருக்கும் அந்த மஞ்சளும் சிவப்பும் தெரியும். பக்கத்துக் கடைக்காரருக்கும் ஒரு கேள்வி எழும். நம் மழைக்குத் தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட், ஓரங்களில் நல்ல பெயின்ட், மேலே மணல் தூவிய பூச்சு வேண்டும். மரம் என்றால் பராமரிப்பு. சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் வீல்சேருக்காகத் திறந்த மரப்பாதை அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, மறுபடி சரிசெய்ய வேண்டியிருந்தது. உங்கள் கடை வாசலுக்கு அலை வராது. ஆனால் தினமும் வாசல் தெளிக்கிற தண்ணீர் வரும்.

நீளம் பற்றி ஒரு சமரசம். ஆறு அங்குலப் படிக்கு ஆறடிப் பலகையைத் தினமும் தூக்க யாராலும் முடியாது. நான்கடி, அதாவது 1:8, கடைப் பையன் பின்னால் நின்று தள்ளுவான் என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே போகாதீர்கள். மேல்முனை உள்தரையில் நன்றாக அமர வேண்டும். நழுவாமல் இருக்க ஒரு கொக்கியோ பின்னோ வையுங்கள். வெறுமனே சாய்த்து வைத்த தகடு, பேட்டரி வீல்சேர் ஏறும்போது பின்னால் நழுவும்.

இந்த வழியின் பெரிய குறை, கேட்டால்தான் கிடைக்கும் என்பது. நான் வெளியே இருக்கிறேன், நீங்கள் உள்ளே கல்லாவில் இருக்கிறீர்கள். நடுவில் பஸ் ஹாரனும் ஸ்பீக்கர் பாட்டும். அதனால் மணி இல்லாமல் இதை வாங்காதீர்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வயர்லெஸ் மணிதான். பொத்தானைப் படிக்கு வெளிப்பக்கம், மூன்றிலிருந்து நான்கடி உயரத்துக்குள், உட்கார்ந்தவர் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். "சாய்தளம் உண்டு, மணியை அழுத்தவும்" என்று ஒரு பலகை. மணி அடித்தால் யார் போக வேண்டும் என்பதைப் புதிதாகச் சேரும் ஆளுக்கும் சொல்லிவையுங்கள். சென்ற தீபாவளிக்குச் சேர்ந்த பையனுக்கு அந்தத் தகடு எதற்கு என்றே தெரியாத கடைகள் இருக்கின்றன.

## வழி 3: படியை உள்ளே தள்ளுவது

ஷட்டரைத் தெரு மட்டத்துக்கு இறக்கி, உள்தரையில் கொஞ்சத்தை வெட்டிச் சரிவாக்குவது. வெளியே ஓர் அங்குலம்கூடப் போகாது, நடைபாதை மறியாது. தனியாக வருகிறவர் கேட்காமல் உள்ளே வரலாம். நிரந்தர சாய்தளத்தின் நன்மை எல்லாம் இதில் உண்டு, ஆக்கிரமிப்புத் தலைவலி கிடையாது.

விலை என்ன என்றால் இடம். ஆறு அங்குல உயரத்துக்கு ஆறடி நீளம், மூன்றரை அடி அகலம் என்றால் 21 சதுர அடி. பத்துக்குப் பன்னிரண்டு கடையில் மொத்தம் 120 சதுர அடிதான். ஆறில் ஒரு பங்குக்கு மேல் சரிவுக்கே போய்விடும், அந்தச் சரிவில் ரேக்கும் வைக்க முடியாது. கடைத்தெருவில் சதுர அடி வாடகை தெரிந்தவர்கள் இந்த இடத்தில் பெருமூச்சு விடுவார்கள். ஆனால் இருபதுக்கு நாற்பது கடையில் அதே 21 சதுர அடி பெரிய விஷயமே இல்லை. நடுவழியாக எப்படியும் விடுகிற இடம்தான் சரிவாகும்.

மழைக்கு இதில் கவனம் அதிகம் வேண்டும். ஷட்டர் தெரு மட்டத்தில் இருந்தால் தண்ணீர் முதலில் சரிவின் அடியில்தான் தேங்கும். ஷட்டரை ஒட்டி ஒரு குறுக்குக் கால்வாய், அதன்மேல் கம்பி மூடி. மூடியின் இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் முன்சக்கரம் மாட்டிக்கொள்ளும். கம்பிகள் நாம் போகும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். வருஷம் தவறாமல் முழங்கால் அளவு தண்ணீர் வரும் தெருவில் இந்த வழி வேண்டாம் என்றே சொல்வேன்.

ஓனர் சம்மதம் எழுத்தில் வேண்டும். அட்வான்ஸில் கழிப்பாரா, காலி செய்யும்போது பழையபடி ஆக்கித் தரச் சொல்வாரா என்று முன்னமே பேசிக்கொள்ளுங்கள். ஷட்டரின் அடிப்பகுதி, பூட்டு, பக்கத் தண்டவாளம் எல்லாம் நீள வேண்டும். அந்தச் செலவைக் கொத்தனார் சொல்லமாட்டார், ஷட்டர்காரர் வந்து சொல்வார். கீழே பேஸ்மென்ட் இருந்தாலோ, தரை கான்கிரீட் தளமாக இருந்தாலோ பொறியாளரைக் கேட்காமல் வெட்டவே கூடாது.

## வழி 4: வரிசைக் கடைகளுக்கு ஒரே சாய்தளம்

இதை யாரும் கேட்பதில்லை. எனக்குப் பிடித்தது இதுதான்.

நகராட்சி வணிக வளாகங்கள், பழைய காம்ப்ளெக்ஸ்கள் பலவற்றில் எட்டுப் பத்துக் கடைகள் ஒரே உயரத்தில், முன்னால் நீளமான வராண்டாவோடு இருக்கும். ஒவ்வொரு கடைக்காரரும் தன் வாசலில் ஆளுக்கொரு ரேம்ப் போட இடம் இல்லை. ஆனால் வராண்டாவின் ஓரத்தில் ஒன்று போட்டால் எல்லாக் கடைக்கும் சேர்ந்துவிடும். மூன்று படி உயரம், 18 அடிச் சாய்தளம் என்பது தனிக்கடைக்கு நடக்காத காரியம். பக்கவாட்டில், காம்பவுண்ட் சுவரை ஒட்டி, அதே 18 அடி தாராளமாகக் கிடைக்கும். செலவைப் பத்தால் வகுத்தால் ஆளுக்கு வருவது சிறிய தொகைதான்.

சிக்கல் கான்கிரீட்டில் இல்லை, ஆட்களில் இருக்கிறது. ஓரக்கடைக்காரர் "என் முன்னாடியா?" என்பார். வராண்டாவில் நடுக்கடைக்காரர் பிளாஸ்டிக் குடத்தை அடுக்கி வைத்திருப்பார். சாய்தளம் ஏறிய பிறகு மூன்றாவது கடையோடு வழி முடிந்துவிடும். மூன்றடி அகலம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்று வணிகர் சங்கக் கூட்டத்தில் பேசி, தரையில் மஞ்சள் கோடு போட்டுவிட்டால்தான் இது நிற்கும்.

## லிஃப்ட்?

இரண்டடிக்கு மேல் உயரம், சாய்தளத்துக்கு இடமே இல்லை என்றால் சின்னத் தூக்குமேடை உண்டு. கரண்ட், பராமரிப்பு ஒப்பந்தம், இயக்கத் தெரிந்த ஆள் எல்லாம் வேண்டும். சிறு கடைக்கு இது வேண்டாம். நகைக்கடையும் மருத்துவமனையும் யோசிக்கட்டும்.

## வழி 5: வாசலிலேயே வியாபாரம்

மணி அடித்தால் வெளியே வந்து எடுத்துக் கொடுப்பது, வாட்ஸ்அப்பில் ஆர்டர், வீட்டுக்கு டெலிவரி. செலவு ஏறக்குறைய இல்லை. அதனாலேயே பலர் "இது போதுமே" என்று நின்றுவிடுகிறார்கள்.

ஒரு கூட்டத்துக்கு இது உண்மையிலேயே முதல் தேவை. தமிழ்நாட்டில் பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் வருகிற மாற்றுத்திறனாளிகள் நிறையப் பேர். அரசே அந்த ஸ்கூட்டரை இலவசமாகக் கொடுக்கிறது. வீல்சேரை அதில் கட்டிக்கொண்டு வர முடியாது. எவ்வளவு நல்ல ரேம்ப் போட்டாலும் அவர் அதில் ஏறப்போவதில்லை. அவருக்கு வேண்டியது கடை முன்னால் வண்டி நிறுத்த ஓர் இடமும், வண்டிக்கே வந்து "என்ன வேணும்ணே?" என்று கேட்கிற ஆளும், கியூஆர் அட்டையைக் கையில் எடுத்து வந்து நீட்டுகிற பழக்கமும்தான்.

ஆனால் சேலையைத் தேர்ந்தெடுக்க, கண்ணாடி ஃப்ரேம் போட்டுப் பார்க்க, நான்கு மொபைலைக் கையில் எடுத்துப் பார்க்க வாசல் போதாது. மருந்துக் கடையில் இன்னும் சங்கடம். யூரின் பேக், டயப்பர், நாப்கின் இதையெல்லாம் தெருவில் இருந்தபடி சத்தமாகக் கேட்கச் சொல்வது மரியாதையா? மருந்துக் கடைக்காரர்கள் வாட்ஸ்அப் எண்ணைப் பெரிதாக எழுதி வைப்பது இதற்குத்தான் உதவும்: முன்னாலேயே அனுப்பிவிடலாம், கட்டிய பொட்டலமாகக் கைக்கு வரும்.

"நாலு பேர் சேர்ந்து தூக்கி விட்டுடுவோம் சார்" என்று அன்பாகச் சொல்பவர்கள் உண்டு. இதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. கைப்பிடியும் கால்மிதியும் கழன்று வரக்கூடியவை; அதைப் பிடித்துத் தூக்கினால் ஆள் கீழே. பேட்டரி நாற்காலியை ஆளோடு தூக்கவே முடியாது. முன்பின் தெரியாத ஆண்கள் தூக்கி உள்ளே வைக்க எந்தப் பெண் ஒத்துக்கொள்வார்?

## ஒரே பார்வையில்

| | சிமெண்ட் சாய்தளம் | எடுத்து வைப்பது | உள்ளே சரிவு | வரிசைக்கு ஒன்று | வாசல் வியாபாரம் |
|---|---|---|---|---|---|
| கேட்காமல் வரலாமா | வரலாம் | மணி அடிக்க வேண்டும் | வரலாம் | வரலாம் | உள்ளே வர முடியாது |
| எந்த உயரத்துக்குப் பொருந்தும் | ஒரு படி | ஒரு படி | ஒரு படி | மூன்று படி வரை | எதுவும் |
| வேண்டிய இடம் | வெளியே சொந்த இடம் | சுவரோரம் சாய்த்து வைக்க | கடைக்குள் 21 சதுர அடி | வராண்டா ஓரம் | வண்டி நிறுத்த இடம் |
| வாடகைக் கடைக்கு | ஓனர் சம்மதம் | தடையில்லை | எழுத்தில் சம்மதம் | எல்லோர் சம்மதம் | தடையில்லை |
| மறைந்த செலவு | இடிபடுதல், கீழ்முனை பூச்சு | தினசரி உழைப்பு, ஆள் பயிற்சி | ஷட்டர் மாற்றம், வடிகால் | வழியைக் காலியாக வைத்தல் | போகும் வியாபாரம் |

## எந்தக் கடைக்கு எது

மளிகை, மருந்து, ஹார்டுவேர் மாதிரி வாடிக்கையாளர் வெளியே நின்றே வாங்கும் கடைகளில் உள்ளே போகும் கேள்வியே வராது. அங்கே தடை கவுன்ட்டரின் உயரம். மூன்றரை அடிக் கவுன்ட்டருக்குப் பின்னால் இருப்பவருக்கு என் தலை மட்டும்தான் தெரியும். மருந்துச் சீட்டை நீட்டக் கையைத் தோள் உயரத்துக்குத் தூக்க வேண்டும். கவுன்ட்டரின் ஒரு மூலையில் மூன்றடி அகலத்தை மட்டும் இரண்டரை அடி உயரத்துக்கு இறக்கிவிடுங்கள். எந்த ரேம்ப்பையும்விட இது மலிவு. ஆனால் கவுன்ட்டருக்கு முன்னால் படி இருந்தால் அதற்குத் தனியாக வழி பார்க்கத்தான் வேண்டும்.

ஜவுளி, செருப்பு, மொபைல், பேக்கரி, டெய்லர் கடைகளுக்கு உள்ளே வந்தே ஆக வேண்டும். சொந்த இடம் இருந்தால் முதல் வழி; கடை பெரிதாக இருந்து தண்ணீர் வராத தெருவாக இருந்தால் மூன்றாவது; மற்ற எல்லோருக்கும் மணியோடு சேர்ந்த அலுமினியப் பலகை. இரண்டு படி என்றால் எடுத்து வைப்பதை விட்டுவிடுங்கள். 12 அங்குலத்துக்கு எட்டடிப் பலகை வேண்டும், அதையும் தள்ள ஆள் வேண்டும். ஸ்லாப் மட்டத்திலேயே ஒரு படியைக் குறைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். கடையின் தரையை உயர்த்தும்போது அவசரத்தில் சேர்த்த படியாகக்கூட அது இருக்கலாம்.

ஏறி வந்த பிறகு உள்ளே மூன்றடி வழி இல்லையென்றால் வாசலில் போட்ட பணம் வீண். திரும்புவதற்கு ஐந்தடி வட்டம் வேண்டும். அது இல்லாத ஒடுக்கமான கடையில் நான் பின்பக்கமாகவே வெளியே வர வேண்டும். பின்பக்கமாகச் சரிவில் இறங்கினால் நேரே பஸ் வருகிற சாலை. அப்படிப்பட்ட கடையில் இறங்கும்போது ஓர் ஆள் கூட வந்து சாலையைப் பார்க்க வேண்டும் என்பதையும் பையனிடம் சொல்லிவையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் கூகுள் மேப்பில் உங்கள் கடைப் பக்கத்தைத் திறந்து, வீல்சேர் நுழைவாயில் என்ற இடத்தில் குறியிடுங்கள். நாங்கள் கிளம்புவதற்கு முன் பார்ப்பது அதைத்தான். எடுத்து வைக்கும் வகை என்றால் வாசலின் படத்தையும், பலகை வைத்த படத்தையும், போன் எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். பைக் ஏற்றுகிற ரேம்ப்பை வைத்துக்கொண்டு அந்தக் குறியைப் போட்டுவிடாதீர்கள். அதை நம்பி ஆட்டோவுக்குக் காசு கொடுத்து வருகிறவர் உண்டு.